ஃபோக்ஸ்வேகன் டீசல் மோசடி: மக்கள் கோபம் எங்கே பலித்தது, எங்கே புஸ்ஸென்று போனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் மாட்டிக்கொண்டது. அந்தச் செய்தியை அன்றைக்கு மேலோட்டமாகப் படித்துவிட்டு மறந்தவர்கள்கூட, வேறு ஏதாவது கார் கம்பெனி இதேபோல மாட்டும்போதெல்லாம் திரும்ப வந்து அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஜனங்கள் ஏன் அப்படிக் குதித்தார்கள், குதித்தவர்களே ஏன் மறுபடி அந்தக் காரை வாங்கினார்கள், யாருக்குப் பணம் கிடைத்தது, யாருக்கு நாமம் போட்டார்கள்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எஞ்சின் விஷயத்தைத் தேவையான அளவுக்குச் சொல்லிவிட்டு மக்கள் பக்கத்தைத்தான் அதிகம் பேசப் போகிறேன்.

கேள்வி: முதலில், நடந்தது என்ன?

ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களில் ஒரு மென்பொருளை ஒளித்து வைத்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஓட்டினால் புகை விதிக்குள் இருக்கும். ரோட்டில் ஓட்டினால் நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நச்சுவாயு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரைகூட வெளியே போகும். 2015 செப்டம்பர் 18-ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதைப் பகிரங்கப்படுத்தியது. அப்போது சொன்ன கணக்கு அமெரிக்காவில் ஓடும் சுமார் 4.82 லட்சம் கார்கள். நாலே நாளில் கம்பெனியே வாயைத் திறந்து, உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகளில் இது இருக்கிறது என்றது. அதில் ஐரோப்பாவில் மட்டும் சுமார் 85 லட்சம். அறிவிப்பு வந்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பங்குச்சந்தை திறந்ததும் பங்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு காலி.

கேள்வி: தன்னைப் பரிசோதிக்கிறார்கள் என்று ஒரு காருக்கு எப்படித் தெரியும்?

கூடத்தில் காரை உருளைகள்மேல் ஏற்றி நிறுத்தி ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், கார் நகராது, ஸ்டீயரிங்கை யாரும் திருப்பமாட்டார்கள். எந்த விநாடியில் எந்த வேகம் என்கிற அட்டவணையும் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்தது. நிஜ ரோட்டில் இருபது நிமிஷம் ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் யாராவது ஓட்ட முடியுமா? ஸ்டீயரிங் இருக்கும் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, இது பரிசோதனைதான் என்று எஞ்சின் கம்ப்யூட்டர் முடிவுகட்டிவிடும். உடனே புகையைச் சுத்தம் செய்கிற அமைப்புகள் முழுமூச்சாக வேலை செய்யும். வாத்தியார் தலை தெரிந்ததும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்கிற பையன் மாதிரி.

எப்போதுமே சுத்தமாக ஓடவிட்டால் என்ன கேடு என்று கேட்கலாம். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், வடிகட்டி சீக்கிரம் கெடும், சில மாடல்களில் யூரியாக் கரைசலை அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கும். மைலேஜும் வேண்டும், விலையும் ஏறக்கூடாது, அமெரிக்காவின் கறாரான விதியையும் தாண்டவேண்டும். மூன்றும் ஒன்றாக அமையவில்லை என்றதும் குறுக்கு வழியில் இறங்கினார்கள்.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தது அமெரிக்க அரசா?

ஆரம்பித்து வைத்தது அரசு இல்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய ஆய்வுக்குழு. டான் கார்டர் தலைமை. அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா, மார்க் பெஷ் போன்றவர்கள் குழுவில் இருந்தார்கள் (பெயர்களைப் பார்த்ததும் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது, உட்காருங்கள்). சுத்தப் போக்குவரத்துக்கான சர்வதேச மன்றம் என்கிற தொண்டு நிறுவனம், அமெரிக்காவில் டீசல் கார்கள் எவ்வளவு சுத்தமாக ஓடுகின்றன, அதை ஐரோப்பாவுக்கு உதாரணமாகக் காட்டலாம் என்று நல்லெண்ணத்தில்தான் இந்த வேலையைக் கொடுத்தது. யாரையும் பிடிக்கிற நோக்கமே கிடையாது.

மூன்று கார்களை எடுத்துக்கொண்டார்கள்: ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா ஒன்று, பஸாத் ஒன்று, ஒரு பிஎம்டபிள்யூ எக்ஸ்5. டிக்கியில் அளவுக்கருவி, புகைக்குழாயிலிருந்து அதற்குள் போகிற ஒரு குழாய், கருவிக்கு மின்சாரம் தர ஒரு ஜெனரேட்டர். இந்தக் கோலத்தில் பஸாத்தை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டினார்கள். ஜெட்டாவில் விதியைப்போல 15 முதல் 35 மடங்கு, பஸாத்தில் 5 முதல் 20 மடங்கு. பிஎம்டபிள்யூ பெரும்பாலும் ஒழுங்காக இருந்தது. தங்கள் கருவியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்து, திரும்பத் திரும்பச் சரிபார்த்திருக்கிறார்கள். 2014-இல் அறிக்கை வந்தது. அதற்கப்புறம் கலிஃபோர்னியா காற்றுவள வாரியம் விடாப்பிடியாகப் பின்தொடர்ந்தது. கம்பெனி ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது, நடுவில் மென்பொருளைச் சரிசெய்கிறோம் என்று ஒரு ரீகால்கூட நடத்தியது. கடைசியில், 2016 மாடல்களுக்கு அனுமதி தரமாட்டோம் என்று அதிகாரிகள் கழுத்தில் கத்தி வைத்தபிறகுதான் உண்மை வெளியே வந்தது.

கேள்வி: கார் என்றால் புகை வரத்தானே செய்யும். இதற்கு ஏன் அவ்வளவு கோபம்?

இந்தக் காரை வாங்கியவர்கள் யார் என்று பார்த்தால் புரியும். அமெரிக்காவில் டீசல் கார் வாங்குவது சாதாரண விஷயம் கிடையாது. அங்கே டீசல் என்றால் லாரி, கரும்புகை என்றுதான் நினைப்பு. அந்த நினைப்பை உடைக்கத்தான் ஃபோக்ஸ்வேகன் 'சுத்தமான டீசல்' என்று பல வருஷம் விளம்பரம் செய்தது. பெட்ரோல் மாடலைவிடக் கூடுதல் விலை கொடுத்து அதை வாங்கியவர்களில் பலர் சுற்றுச்சூழலைப் பற்றி நிஜமாகவே கவலைப்பட்டவர்கள். வரிச்சலுகைகூடக் கிடைத்தது. 2009-இல் ஜெட்டா டீசலுக்கும் அடுத்த வருஷம் அதே குழுமத்தின் ஆடி ஏ3 டீசலுக்கும் 'பசுமைக் கார்' விருது கொடுத்தார்கள், மோசடி வெளியானதும் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

விளம்பரங்களை இப்போது பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. 2010-இல் சூப்பர் பவுல் என்கிற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின்போது வந்த ஆடி விளம்பரத்தில் பசுமைப் போலீஸ் ஊரையே கைது செய்யும், ஆடி டீசல்காரரை மட்டும் சலாம் போட்டு அனுப்பிவைக்கும். 2015-இல் வந்த இன்னொன்றில் ஒரு பாட்டியம்மா தன் கழுத்திலிருந்த வெள்ளைத் துணியை எடுத்துப் புகைக்குழாயில் பிடித்து, பாரு, எவ்வளவு சுத்தம் என்று காட்டுவார். நைட்ரஜன் ஆக்சைடு துணியில் ஒட்டாது, கண்ணுக்குத் தெரியாது. அந்த விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த அதே வருஷம்தான் கம்பெனிக்குள் இதை எப்படி மறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே கோபத்தில் இரண்டு அடுக்கு. ஒன்று, என்னை ஏமாற்றிவிட்டான். இரண்டாவது, என்னை வைத்தே ஊரையும் ஏமாற்றிவிட்டான், நான் நல்லது செய்கிறேன் என்று நினைத்து விஷத்தைக் கக்கிக்கொண்டு போயிருக்கிறேன். இந்த இரண்டாவது வகைக் கோபம் ஆறுவது கஷ்டம்.

கேள்வி: கம்பெனி மன்னிப்புக் கேட்டதே, எடுபடவில்லையா?

கேட்ட விதம் அப்படி. அமெரிக்கத் தலைவர் மைக்கேல் ஹார்ன், செய்தி வந்த மூன்றாம் நாள் நியூயார்க்கில் புது பஸாத் அறிமுக விழா மேடையில் ஏறி, முழுக்கச் சொதப்பிவிட்டோம் என்று உடைத்துச் சொன்னார். என் பார்வையில் மொத்தக் கூத்திலும் மனுஷன் பேசுகிற மாதிரி இருந்த ஒரே பேச்சு அதுதான். ஆனால் அக்டோபரில் நாடாளுமன்றக் குழு முன்னால் அவரே, இது இரண்டு மூன்று மென்பொருள் பொறியாளர்கள் செய்த வேலை என்றார். 1.1 கோடி கார், பல வருஷம், பல நாடு, இதை மேலே யாருக்கும் தெரியாமல் இரண்டு மூன்று பேர் செய்தார்களாம்! குழுவில் இருந்தவர்களே நம்பவில்லை.

தலைமை நிர்வாகி மார்ட்டின் விண்டர்கோர்ன் வீடியோவில் அளவில்லாத வருத்தம் என்று சொல்லிவிட்டு மறுநாளே பதவி விலகினார், தான் தெரிந்து எதுவும் செய்யவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். அவருக்குச் சேர்ந்திருந்த ஓய்வூதியம் 2.8 கோடி யூரோவுக்கும் மேல் என்ற செய்தி வந்ததும் ஜெர்மனியிலேயே பலருக்கு வயிறு எரிந்தது. அவர் இடத்துக்கு வந்த மத்தியாஸ் முல்லர், 2016 ஜனவரியில் ஓர் அமெரிக்க வானொலிப் பேட்டியில், நாங்கள் பொய் சொல்லவில்லை, கேள்வி முதலில் எங்களுக்குப் புரியவில்லை, இது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை என்று பேசி மாட்டிக்கொண்டார். மறுநாள் அதே வானொலியில் இன்னொரு பேட்டி கொடுத்துச் சமாளிக்கவேண்டி வந்தது. நெருப்பை அணைக்கப் போனவர் எண்ணெய் டின்னோடு போனார்.

நடுவில் 2015 நவம்பரில் அமெரிக்க உரிமையாளர்களுக்கு 500 டாலர் கார்டு ஒன்று, டீலரிடம் செலவு செய்ய இன்னொரு 500 டாலர். இது போதவே போதாது, அவமானப்படுத்துகிற தொகை என்று செனட்டர்களே கண்டித்தார்கள். கார்டை வாங்கிக்கொண்டே திட்டியவர்கள் ஏராளம், அதில் தப்பும் இல்லை.

கேள்வி: அமெரிக்கர்களுக்குக் கடைசியில் எவ்வளவு கிடைத்தது?

நன்றாகவே கிடைத்தது. 2016 ஜூனில் 14.7 பில்லியன் டாலர் வரையிலான சமரசம். அதில் சுமார் 10 பில்லியன் கார்களைத் திரும்ப வாங்கவும் நஷ்டஈட்டுக்கும். சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி சார்லஸ் பிரையர் அக்டோபரில் ஒப்புதல் கொடுத்தார். மோசடி வெளியாவதற்கு முன்னால் கார் என்ன விலை போயிருக்குமோ அந்த விலை, அதற்குமேல் ஆளுக்கு 5,100 முதல் 10,000 டாலர் வரை. வேண்டாம் என்பவர்கள் காரை வைத்துக்கொண்டு, சரிசெய்து வாங்கி, நஷ்டஈட்டை மட்டும் பெறலாம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒப்பந்தப்படி, கார் சொந்தமாக ஓடி வந்து நின்றால் போதும், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சரி, ஓடினால் போதும்தானே என்று சிலர் பம்பர், சீட், கதவு உள்புறம் என்று கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிக்கொண்டு எலும்புக்கூட்டை ஓட்டிப்போய் ஒப்படைக்கப் பார்த்தார்கள். விஷயம் நீதிபதி வரை போய், அவர் இதை ரசிக்கவில்லை. சட்டப்படி அது சரியா என்பது வேறு, ஆனால் அந்தப் படங்களைப் பார்த்துக் கைதட்டியவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. விதியின் எழுத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு அதன் உயிரை விட்டுவிடுவது எப்படி என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தக் கம்பெனிதானே.

அப்படித் திரும்ப வாங்கியதில் ஏறக்குறைய மூன்று லட்சம் கார்களை நாடு முழுக்க 37 இடங்களில் நிறுத்தி வைத்தார்கள். டெட்ராய்ட் பக்கம் கைவிடப்பட்ட சில்வர்டோம் விளையாட்டரங்கின் வாகன நிறுத்துமிடம், கலிஃபோர்னியாவில் விக்டர்வில் பாலைவனம். மேலிருந்து எடுத்த படங்களில் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக வரிசை வரிசையாகக் கார்கள், ஆள் நடமாட்டம் இல்லை. எவ்வளவு பெரிய மோசடி என்பது பலருக்கு உறைத்தது அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான்.

கேள்வி: ஐரோப்பியர்களுக்கும் அதேபோலக் கொடுத்தார்களா?

இல்லை, அதுதான் இந்தக் கதையிலேயே பெரிய அநியாயம். அமெரிக்காவில் ஐந்து லட்சம் கார், ஐரோப்பாவில் 85 லட்சம். ஆனால் ஐரோப்பியர்களுக்குக் கம்பெனி சொன்ன பதில், மென்பொருளை மாற்றித் தருகிறோம், நஷ்டஈடு கிடையாது. 1.6 லிட்டர் எஞ்சினுக்கு அதோடு ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே சல்லடை மாதிரி வலை, காற்றை அளக்கிற உணரிக்கு முன்னால் மாட்டுவது. அமெரிக்கக்காரனுக்குப் பத்தாயிரம் டாலர், எனக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயா என்று ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் இத்தாலியிலும் ஜனங்கள் பொருமியது அதனால்தான். சரிசெய்த பிறகு மைலேஜ் குறைந்தது, இழுவை போச்சு, வால்வு அடைத்துக்கொண்டது என்ற புகார்களும் குவிந்தன. கம்பெனி அப்படியெல்லாம் இல்லை என்றே சொல்லி வந்தது.

வித்தியாசம் எங்கே என்றால், அமெரிக்காவில் ஏமாந்தவர்கள் எல்லோரும் ஒரே வழக்காகச் சேர்ந்து போகலாம், அரசு முகமையும் தன் பங்குக்கு மிரட்டும். ஜெர்மனியில் அன்றைக்கு அப்படி ஒரு வழியே இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக வக்கீல் வைத்து, தனித்தனியாகக் கோர்ட் ஏறவேண்டும். பெரும்பாலானோர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஐரோப்பியர்களுக்குச் சொரணை குறைவு என்று சிலர் எழுதினார்கள், நான் ஏற்கமாட்டேன். கோபம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதைப் பணமாக்கிக் கொடுக்கிற சட்டம் ஒரு பக்கம்தான் இருந்தது.

இந்தக் கோபத்தின் பேரில்தான் ஜெர்மனி 2018 நவம்பரில் ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்து, நுகர்வோர் அமைப்பு எல்லோர் சார்பிலும் வழக்குப்போட வழி செய்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரைப் பதிவு செய்தார்கள். 2020-இல் சமரசம், சுமார் 2.4 லட்சம் பேருக்கு, காரைப் பொறுத்து 1,350 முதல் 6,257 யூரோ. அதே வருஷம் மே 25-ஆம் தேதி ஜெர்மன் உச்ச நீதிமன்றம் ஃபோக்ஸ்வேகனின் ஷரான் காரைப் பழையதாக வாங்கிய ஒருவரின் வழக்கில், கம்பெனி வேண்டுமென்றே கேடு செய்திருக்கிறது, காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஓட்டிய கிலோமீட்டருக்குக் கழித்துக்கொள்வார்கள். 31,490 யூரோவுக்கு வாங்கியவருக்குக் கிடைத்தது சுமார் 25,600. நிறைய ஓட்டியவர்களுக்குக் கிடைப்பது சொற்பம். கோர்ட் இழுக்க இழுக்க, கிலோமீட்டர் ஏற ஏற, கம்பெனிக்குத்தான் லாபம். பிரிட்டனில் 2022-இல் சுமார் 91,000 பேருக்கு 19.3 கோடி பவுண்டு.

கேள்வி: ஜெர்மானியர்கள் தெருவில் இறங்கிப் போராடவே இல்லையா?

இறங்கினார்கள், ஆனால் நீங்கள் நினைக்கிற விஷயத்துக்கு இல்லை. முதல் வாரத்திலேயே கிரீன்பீஸ் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் வோல்ஃப்ஸ்பர்க் ஆலை வாசலில் போராடினார்கள், அது செய்தியில் வந்து போனது. வோல்ஃப்ஸ்பர்க் ஊரே இந்தக் கம்பெனியால் உண்டானது, நகராட்சியின் வருமானமே கம்பெனி கட்டுகிற வரிதான். செய்தி வெளியான பத்து நாளுக்குள் நகராட்சி புதுச் செலவுகளை நிறுத்திவைத்தது. அப்படிப்பட்ட ஊரில் கோபத்தைவிட பயம்தான் முன்னால் நிற்கும். அந்தப் பகுதியின் லோயர் சாக்ஸனி மாநில அரசுக்கே கம்பெனியில் 20 சதவீத வாக்குரிமை. பக்கத்து வீட்டுக்காரர் அங்கே வேலை பார்க்கிறார், மச்சான் அங்கே வேலை பார்க்கிறார், யாரைப் போய்த் திட்டுவது?

நிஜமான தெருக் கோபம் 2019 ஜனவரியில் ஸ்டுட்கார்ட்டில் வந்தது. காற்று மோசம் என்பதால் பழைய டீசல் கார்கள் நகருக்குள் வரக்கூடாது என்று தடை. முந்தைய வருஷம் லைப்ஸிக்கில் உள்ள கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் இந்தமாதிரித் தடைகளுக்குப் பச்சைக்கொடி காட்டியிருந்தது, ஹாம்பர்க் முதலில் இரண்டு தெருக்களில் அமல்படுத்தியது. ஸ்டுட்கார்ட்டில் மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு வாராவாரம் ஆட்கள் கூடினார்கள், கம்பெனியைவிடத் தடைக்கு எதிராகத்தான் சத்தம் அதிகம். யோசித்தால் அதில் நியாயமும் இருக்கிறது. சுத்தம் என்று நம்பி வாங்கிய கார், அதை ஓட்டினால் இப்போது எனக்கு அபராதமா, தப்புச் செய்தவன் எங்கே? அதே நேரம் அந்தத் தெருக்களில் குடியிருந்து அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களும் இருக்கிறார்கள். இருவருக்கும் துரோகம் செய்தவர்கள் நடுவில் இல்லாமல், இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

கேள்வி: கேலி, கிண்டல் எல்லாம் பயங்கரமாக ஓடியதே?

ஓடியது, சில நன்றாகவே இருந்தன. 2015 டிசம்பரில் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது, பிராண்டலிசம் என்கிற கலைஞர் கூட்டம் பேருந்து நிறுத்தங்களில் போலி விளம்பரங்களை மாட்டியது. அசல் ஃபோக்ஸ்வேகன் விளம்பரம் மாதிரியே அச்சு, வாசகம் மட்டும்: மாட்டிக்கொண்டதற்கு வருந்துகிறோம். 2016 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் நிர்வாகி மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது, சைமன் பிராட்கின் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக்காரர் மெக்கானிக் வேஷத்தில் ஸ்பேனரோடு ஏறி, ஏமாற்றுப் பெட்டியை மாட்ட வந்திருக்கிறேன் என்று காருக்கு அடியில் படுத்துவிட்டார். கம்பெனியும் தன் புகழ்பெற்ற 'தஸ் ஆட்டோ' வாசகத்தை 2015 டிசம்பரிலேயே மூட்டை கட்டிவிட்டது. அதற்கு 'கார் என்றால் இதுதான்' என்று பொருள், வைத்திருந்தால் இன்னும் ஆறு மாசத்துக்கு கேலிக்காரர்களுக்கு வேறு சரக்கே தேவைப்பட்டிருக்காது.

கேள்வி: குரங்குகளை வைத்துச் சோதனை செய்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2014-இல் நியூ மெக்சிகோவின் அல்புகர்கியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் பத்துக் குரங்குகளை அடைத்த அறையில் வைத்து, டீசல் பீட்டில் காரின் புகையைச் சுவாசிக்கவிட்டார்கள். அமைதியாக இருக்கட்டும் என்று கார்ட்டூன் போட்டுக் காட்டினார்களாம். ஃபோக்ஸ்வேகன், டைம்லர் (மெர்சிடிஸ் கார் கம்பெனி), பிஎம்டபிள்யூ மூன்றும் சேர்ந்து காசு போட்ட ஓர் அமைப்பின் ஏற்பாடு. புது டீசல் ஆபத்தில்லை என்று நிரூபிப்பதுதான் நோக்கம். அதற்குக் கொண்டுவந்த காரிலும் அந்த ஏமாற்று மென்பொருள் இருந்தது, ஆக ஆய்வே குப்பை. 2018 ஜனவரியில் இது வெளியானபோது எழுந்த கொந்தளிப்பு, 40 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு என்ற எண்ணுக்கு எழுந்ததைவிட வேகமாகப் பரவியது. எண் யாரையும் தூங்கவிடாமல் செய்வதில்லை. குரங்கு முகம் செய்துவிடும்.

கேள்வி: இவ்வளவுக்கும் பிறகு விற்பனை படுத்துவிட்டதா?

அமெரிக்காவில் அடி விழுந்தது, 2015 நவம்பரில் ஃபோக்ஸ்வேகன் பிராண்டின் விற்பனை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தது. தென்கொரியாவைப் பாருங்கள்: அக்டோபரில் மாசம் ஆயிரம் கார்கூட விற்கவில்லை, கம்பெனி தள்ளுபடியும் வட்டியில்லாத தவணையும் அறிவித்ததும் நவம்பரில் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. பிறகு 2016 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு ஆவண மோசடிக்காக 80 மாடல்களின் சான்றிதழை ரத்து செய்யவேண்டியிருந்தது. உலக அளவில்? 2016-இல் சுமார் 1.03 கோடி கார் விற்று, டொயோட்டாவை முந்தி, உலகத்தின் நம்பர் ஒன் ஆனது ஃபோக்ஸ்வேகன் குழுமம். மாட்டிக்கொண்ட மறுவருஷம்.

திட்டியவர்கள் எல்லாம் பாசாங்குக்காரர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. சீனாவில் பெரும்பாலும் பெட்ரோல் கார், அங்கே இந்த விவகாரம் பெரிதாகப் போகவில்லை, கம்பெனியின் மிகப்பெரிய சந்தையே அதுதான். மற்ற இடங்களில் விலை, சர்வீஸ், கையில் இருக்கிற பழைய காருக்குக் கிடைக்கிற மதிப்பு என்று பார்த்துத்தான் ஆட்கள் வாங்குகிறார்கள். உண்மையில் அடி வாங்கியது டீசல்தான். 2015 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் டீசல். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அது ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது.

கேள்வி: இதனால் யாராவது செத்தார்களா, அல்லது வெறும் காகிதக் குற்றமா?

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து போட்ட கணக்குகள் இரண்டு. 2008 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஓடிய இந்தக் கார்களின் கூடுதல் புகையால் சுமார் 59 பேர் ஆயுள் முடியும் முன்பே இறந்திருப்பார்கள் என்று 2015-இல் வந்தது ஒன்று. ஜெர்மனியில் விற்ற கார்களால் மட்டும் ஐரோப்பாவில் சுமார் 1,200 பேர் என்று 2017-இல் வந்தது இன்னொன்று. இவர்களுக்குப் பெயர் இல்லை, இன்னார் இந்தக் காரால் செத்தார் என்று யாரும் காட்டமுடியாது. கார் வாங்கியவர் ரசீதோடு கோர்ட்டுக்குப் போகலாம், நஷ்டஈடு வாங்கலாம். சாலையோரம் குடியிருந்து மூச்சு வாங்கியவரிடம் ரசீது இல்லை. அமெரிக்கச் சமரசத்தில் மாசைக் குறைக்கும் திட்டங்களுக்கென்று 2.7 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள், அவர்களுக்காக வந்த பணம் என்று சொன்னால் அது ஒன்றுதான்.

கேள்வி: யாராவது ஜெயிலுக்குப் போனார்களா?

போனார்கள். பொறியாளர் ஜேம்ஸ் லியாங்குக்கு 40 மாதம், நிர்வாகி ஆலிவர் ஷ்மிட்டுக்கு 7 வருஷம், இருவருக்கும் 2017-இல் அமெரிக்க நீதிமன்றத்தில். அந்த ஜனவரியில் கம்பெனியே குற்றத்தை ஒப்புக்கொண்டு 4.3 பில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தது. ஆடியின் முன்னாள் தலைவர் ரூப்பர்ட் ஸ்டாட்லர் 2023-இல் ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் 11 லட்சம் யூரோ கட்டணமுமாகத் தப்பித்தார். 2025 மே மாதம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் முன்னாள் ஊழியர்கள் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது, இரண்டு பேருக்குச் சிறை. விண்டர்கோர்ன்மீது அமெரிக்கா 2018-இலேயே குற்றம் சாட்டியது, ஜெர்மனி தன் குடிமகனை ஒப்படைக்காது. 2024 செப்டம்பரில் ஜெர்மனியில் தொடங்கிய அவரது விசாரணை, உடல்நிலை காரணமாகத் தொடக்கத்திலேயே நின்றுபோனது.

கேள்வி: இந்தியாவில் என்ன ஆனது?

2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ஆடி மூன்றும் சேர்த்து 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றுவதாக அறிவித்தார்கள். நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. கம்பெனியின் வாதம், நாங்கள் பாரத் ஸ்டேஜ் 4 விதியை மீறவே இல்லை, ரோட்டில் ஓட்டி அளக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? கேட்டால் எரிச்சல் வரும், ஆனால் அன்றைய சட்டத்தில் அப்படி ஒரு அளவு இருக்கவில்லைதான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது, மே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் கொடுத்தது. ரோட்டில் ஓட்டி அளக்கிற சோதனை 2023 ஏப்ரலில்தான் இங்கே கட்டாயமானது.

கேள்வி: மற்ற கம்பெனிகள் யோக்கியமா?

இல்லை. ஃபியட் கிரைஸ்லர் 2019-இல் அமெரிக்காவில் சுமார் 80 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது. டைம்லர் ஜெர்மனியில் 87 கோடி யூரோ, அமெரிக்காவில் இன்னும் பெரிய தொகை. எஞ்சின் தயாரிக்கிற கம்மின்ஸ் 2023 டிசம்பரில் 1.675 பில்லியன் டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. பழைய கதையும் உண்டு, 1974-லேயே ஃபோக்ஸ்வேகன் இதேமாதிரி ஒரு விஷயத்துக்காக அமெரிக்காவில் 1.2 லட்சம் டாலர் கட்டியிருக்கிறது. எல்லோரும்தானே செய்கிறார்கள் என்று கம்பெனி ரசிகர்கள் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: வழக்குகள் எல்லாம் ஓய்ந்துவிட்டனவா?

ஃபோக்ஸ்வேகன் வரையில் பெரும்பகுதி ஓய்ந்துவிட்டது, மொத்தச் செலவு 30 பில்லியன் யூரோவைத் தாண்டிவிட்டது. மற்றவர்களுக்கு இப்போதுதான் ஆரம்பம். மெர்சிடிஸ், ஃபோர்டு, நிசான், ரெனோ, பெஜோ-சிட்ரோயன் கார்களை வாங்கிய பல லட்சம் பிரிட்டிஷ்காரர்களின் வழக்கு 2025 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. கம்பெனிகள் குற்றச்சாட்டை மறுக்கின்றன. பழைய டீசல் காரை அங்கே வாங்கி ஓட்டிய உறவினர் யாராவது இருந்தால், தங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காரை விற்றுவிட்டிருந்தாலும் வாங்கிய காகிதத்தைத் தூக்கிப் போடவேண்டாம்.